எங்கள் வீட்டு சோலாரும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

பல்லடம் பக்கம் இப்போது தெருவுக்கு நாலு வீட்டு மொட்டை மாடியிலாவது சோலார் பேனல் பளபளக்கிறது. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தைக் கொண்டு வந்து, ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு கல்யாண வீட்டில் போய் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சுத்தான். "உங்க ஊட்ல போட்டாச்சா? பில் எவ்வளவு வருது?" என்று கேட்பார்கள். பில்லைப் பற்றிக் கேட்பவர்கள் பேட்டரியைப் பற்றிக் கேட்பதில்லை. அதைப் போட்ட பிறகு முதல் இரண்டு மாதம் வீட்டில் என்னென்ன கூத்து நடக்கும் என்று யாரும் சொல்வதும் இல்லை. பேனலை மாட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அதோடு வேலை முடிந்துவிடுகிறது. நமக்கு அன்றைக்குத்தான் வேலை ஆரம்பமாகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் சோலார் போட்டது பில்லுக்காக அல்ல, என் மாமியாருக்காக. அத்தை சிறு வயதிலேயே நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்து இருபத்து நாலு வருஷம் பஞ்சுக்குள் நின்றவர். அந்தக் காலத்தில் மூக்கில் துணி கட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் மட்டும் நெஞ்சைப் பிடித்து இறுக்கும், மறுநாள் சரியாகிவிடும், அதனால் பெரிதாக நினைக்கவில்லை என்பார். பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய்க்கு அதுதான் முதல் அடையாளம் என்று டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. அதற்குள் வருஷங்கள் ஓடி, மூச்சுக் குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிவிட்டன. இரண்டு வருஷமாக ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் என்கிற மெஷின் ஓட வேண்டும். காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்து மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற மெஷின் அது. கரண்ட் இல்லாவிட்டால் வெறும் பெட்டி.

கரண்டை நம்ப முடியாது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012-ல் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல், பனியன் கம்பெனிகளில் ஜெனரேட்டர் புகையோடு பவர் டேபிள் ஓட்டியதை யார் மறந்திருப்பார்கள்? இப்போது அந்த அளவுக்கு இல்லைதான். ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் பகலெல்லாம் நிறுத்துகிறார்கள். சித்திரை வைகாசியில் கோடை மழை இடியோடு வந்தால் ராத்திரியில் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. அதனால் 2025 மார்ச்சில், சீட்டு எடுத்த பணத்தோடு பாங்கில் கொஞ்சம் கடனும் வாங்கி, மூன்று கிலோவாட் பேனலும் 5 யூனிட் பிடிக்கிற லித்தியம் பேட்டரியும் போட்டோம். மானியம் கிலோவாட் கணக்குக்குத்தான். பேட்டரி வைத்தாலும் அது ஒரு ரூபாய்கூட ஏறாது. பேட்டரிக்கு முழுப் பணமும் நம் கையிலிருந்துதான் போக வேண்டும்.

பேட்டரி எதற்கு, பேனல் மட்டும் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. எதிர் வீட்டு அக்கா அப்படித்தான் பேனல் மட்டும் போட்டார்கள். போட்ட மாதமே ஒரு பராமரிப்பு நாள் வந்தது. மொட்டை வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் வீட்டில் ஃபேன் ஓடவில்லை. "வெயில்ல கரண்ட் எடுக்கறதுக்குத்தான இத்தனை பணம் குடுத்தேன், ஏமாத்திப் போட்டானுங்க பாரு" என்று அழாத குறை. யாரும் ஏமாற்றவில்லை. தெருக் கம்பியோடு சேர்ந்து வேலை செய்கிற இன்வெர்ட்டர், தெருவில் கரண்ட் நின்ற உடனே தானும் நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். ஏனென்றால் லைன்மேன் கரண்டை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறியிருப்பார். நம் மாடியிலிருந்து கரண்ட் கம்பிக்குப் போனால் அவர் கதி என்ன? பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தால், தெருவை வெட்டிவிட்டு வீட்டுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். இந்த ஒரு விஷயத்தை விற்க வருகிறவர்கள் முதலிலேயே பட்டென்று சொல்லிவிட்டால் எத்தனையோ வீட்டில் சண்டை மிச்சமாகும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஏப்ரலில் ஒரு ராத்திரி, மணி பத்தேமுக்கால் இருக்கும். காற்றும் இடியுமாக வந்து கரண்ட் போனது. மெஷின் நிற்கவே இல்லை, விளக்குகூட ஒரு சிமிட்டுச் சிமிட்டி நின்றுகொண்டது. எங்க வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, பாத்தியா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் படுத்தார். பன்னிரண்டே காலுக்கு இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பத்து நிமிஷத்தில் எல்லாம் இருட்டு. அத்தையின் மெஷினும் ஒரு நீளச் சத்தம் போட்டு நின்றது.

நல்ல வேளையாக, டாக்டர் சொல்லியிருந்தபடி ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் நிறைத்து வைத்திருந்தோம். டார்ச் வெளிச்சத்தில் அதை மாட்டுவதற்குள் விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் 84 காட்டியது. அத்தை பேசவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். சிலிண்டரை மாட்டிய பிறகு மெல்ல 89-க்கு வந்தது. இந்த மாதிரி பழைய நுரையீரல் நோய்க்காரர்களுக்கு 88-லிருந்து 92-க்குள் இருந்தால் போதும், பதற்றத்தில் ஆக்ஸிஜனை அதிகமாகத் திறந்துவிட்டால் அதுவே கெடுதல் என்று டாக்டர் எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவர்களுக்கு எத்தனை என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே காலுக்குக் கரண்ட் வரும்வரை இரண்டு பேரும் சிலிண்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் சோலார் போட்டவர்களுக்குப் போன் செய்தார். "அந்த ஆக்ஸிஜன் மெஷின் ரொம்ப இழுக்குமுங்ண்ணா. இன்னொரு பேட்டரி போட்டுக்குங்க, சரியாப் போயிரும்" என்று பதில். இன்னொரு பேட்டரி என்றால் மறுபடியும் லட்சத்துக்கு மேல். அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்றால் உடனே இன்னொரு மூட்டை வாங்குவோமா, அல்லது எப்படித் தீர்ந்தது என்று பார்ப்போமா?

நான் படித்தது பத்தாம் வகுப்புத்தான். ஆனால் யூனிட் கணக்குக்கு அது தாராளமாகப் போதும். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அத்தையின் மெஷின் முதுகில் 350 வாட் என்று எழுதியிருக்கிறது. இரண்டு ஃபேனுக்கு 150. ஃப்ரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் சராசரி 70 வைத்துக்கொள்ளலாம். விளக்குக்கு 20. ஆக மொத்தம் 600 வாட்டுக்குள். பேட்டரியில் 5 யூனிட். அது முழுக்கக் காலியாகிக் கெட்டுவிடக் கூடாது என்று ஐந்தில் ஒரு பங்கை அதுவே நிறுத்தி வைத்துக்கொள்ளும். மீதி 4 யூனிட்டில் ஆறு மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். ஓடியது ஒன்றரை மணி நேரம். மெஷின் இழுத்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. மற்ற மூன்று யூனிட்டை யார் சாப்பிட்டது?

பெண்ணின் பழைய ரஃப் நோட்டு ஒன்று பாதி எழுதாமல் கிடந்தது. அதில் கோடு போட்டேன். வெடியால ஆறு மணி, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, பொழுதோட ஆறு, ஒன்பது, படுக்கப் போகும் நேரம். ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே, இன்வெர்ட்டர் காட்டுகிற பேட்டரி சதவீதம், பேனலிலிருந்து எத்தனை வாட் வருகிறது, வாசலில் இருக்கும் கரண்ட் மீட்டரின் எண், அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நாலு கட்டம். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஒரு எட்டுப் போய்ப் பார்த்து எழுதிவிட்டு வருவேன். "எங்கம்மா சயின்டிஸ்ட் ஆயிட்டாங்க" என்று பையன் கேலி செய்தான். செய்யட்டும்.

நாலாம் நாளே திருடன் அகப்பட்டுவிட்டான். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் பேட்டரி 100 ஆகிவிடுகிறது. ஆறு மணிக்கும் 98, 99 என்று இருக்கிறது. ஒன்பது மணிக்கு 62. பத்தரைக்கு 43. காலையில் பார்த்தால் 20. அந்த நாலு நாளும் ராத்திரியில் ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போகவில்லை! கரண்ட் வாசல்வரை வந்து நிற்கிறது, வீடோ பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

பத்து நாளைக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணீர் வந்த காலத்தை நம் ஊர்ப் பெண்கள் பார்த்திருக்கிறோம். தொட்டியை நிறைத்து மூடி வைப்போம். குழாயில் தண்ணீர் வருகிற அன்றைக்கு யாராவது தொட்டித் தண்ணீரை மொண்டு துணி துவைப்பார்களா? எங்கள் இன்வெர்ட்டர் செய்தது அதைத்தான். கேட்டால், அது கோளாறே இல்லையாம். பொழுது சாய்ந்ததும் தெருக் கரண்டை வாங்காமல் முதலில் பேட்டரியைச் செலவு செய்து பில்லைக் குறைக்கும்படி அதைப் போடும்போதே அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் வைப்பார்களாம். அப்புறம் பத்தேமுக்காலுக்குக் கரண்ட் போனால் மிச்சம் 40 சதவீதம், அதில் எடுக்க முடிந்தது 20, அதாவது ஒரு யூனிட். கணக்கு அச்சாக அந்த ராத்திரியோடு பொருந்தியது. வீட்டில் ராத்திரி மெஷின் ஓடுகிறது, அதற்காகத்தான் பேட்டரியே போடுகிறோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தும், மாட்ட வந்த ஆளுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு போனில் குரல் மாறிவிட்டது. மறுநாளே ஒரு தம்பி வந்தான். இருபத்து மூன்று வயசு இருக்கும், நல்ல பையன். "அக்கா, எல்லாரும் பில்லு கொறைஞ்சாப் போதும்பாங்க, அதனால அப்படியே வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்றான். கரண்ட் இருக்கும்வரை பேட்டரி 80-க்குக் கீழே இறங்கக் கூடாது, கரண்ட் போனால் மட்டும் 20 வரை இறங்கலாம் என்று மாற்றினான். ஐந்து நிமிஷ வேலை. இந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் ஒரு லட்சம் கேட்டார்கள்.

எதை வைத்து மாற்றுகிறான் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு ரகசிய எண் போட்டால்தான் உள்ளே போக முடிகிறது. "அந்த நம்பரை எழுதிக் குடுத்துட்டுப் போ தம்பி" என்றேன். தயங்கினான். "எங்களுக்குத் தெரியாம நாங்க எதையும் தொடமாட்டோம், ஆனா எங்க வீட்டுப் பொட்டிக்கு எங்ககிட்ட சாவி இருக்கோணுமா வேண்டாமா?" என்றதும் ஆபீசில் கேட்டு எழுதிக் கொடுத்தான். நோட்டின் பின்னட்டையில் இருக்கிறது.

வீட்டுக்காரருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். அவ்வளவு பணம் போட்ட பேட்டரி தினமும் சும்மா நிறைந்து உட்கார்ந்திருந்தால் பில் எப்படிக் குறையும், 50-ல் வைக்கலாமே என்றார். நான் 80 என்றேன். ஏலம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. அத்தை உள்ளேயிருந்து, "என்ற மூச்சுக்கு ஆயி மவனுக்குள்ள வெலை பேசறீங்களா, புருசம் பொண்டாட்டிக்குள்ள பேசறீங்களா?" என்று ஒரு போடு போட்டார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். கோடையிலும் மழைக் காலத்திலும் 80, தை மாசியில் 60 என்று முடிவாயிற்று.

அதோடு பேட்டரி லைனில் எதெதற்குக் கரண்ட் போகிறது என்றும் பார்த்தோம். ஃப்ரிட்ஜை அதிலிருந்து எடுத்துவிட்டோம். கதவைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் உள்ளே சில்லென்றே இருக்கும். அத்தை அறை ஃபேனுக்குப் பதிலாக 30 வாட்டில் ஓடுகிற புது மாதிரி ஃபேன் ஒன்று வாங்கினோம். இப்போது மெஷின், அந்த ஃபேன், அங்கே ஒரு விளக்கு, அடுப்படியில் ஒரு விளக்கு, அவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து 420 வாட். 80-ல் ஆரம்பித்தாலும் ஏழு மணி நேரம் வரும். கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால், தொட்டில் இருக்கிற அறையின் ஃபேனும் விளக்கும் அந்த லைனில் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு வாங்குங்கள். அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர், போர் மோட்டார் இதெல்லாம் அதில் இருக்கவே கூடாது. ஒரு ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் இரண்டு யூனிட்டை முழுங்கிவிடும்.

பேட்டரிக் கதை முடிந்தது என்று பார்த்தால், நோட்டின் இன்னொரு கட்டம் உறுத்திக்கொண்டே இருந்தது. வாசல் மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காங்கேயத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பும்போதும் எழுதினேன், நாலு மணிக்குத் திரும்பியதும் எழுதினேன். வீட்டில் ஓடியது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். தலைக்கு மேல் சூரியன். மீட்டர் 5 யூனிட் ஏறியிருந்தது! சோலார் போட்ட வீட்டில், ஆளே இல்லாத பகலில், 5 யூனிட் எங்கே போகும்?

மறுநாள் உச்சி வேளையில் வீட்டு ஸ்விட்சுகளையெல்லாம் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும், கவனித்திருப்பீர்கள். செலவாகும் வேகத்துக்கு ஏற்ப விட்டு விட்டு மின்னும். எல்லாம் அணைத்திருந்தும் அது படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, சோலாரிலிருந்து வருகிற கரண்டுக்கான ஸ்விட்சை அணைக்கச் சொன்னேன். சட்டென்று நின்றது. போடச் சொன்னேன், மறுபடி படபட. அப்படியானால் நாம் தெருவுக்குக் கொடுக்கிற கரண்டைத்தான் அது நம் செலவாக எழுதுகிறது!

பிரிவு அலுவலகத்தில் போய்ச் சொன்னதும் அங்கிருந்த பெண் அதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே புரிந்துகொண்டார். சாதாரண மீட்டர்களில் பலவற்றுக்குத் திசை தெரியாது. கரண்ட் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் கூட்டிக்கொண்டே போகும். வாங்கியதையும் கொடுத்ததையும் தனித்தனியாகக் காட்டுகிற இரு வழி மீட்டரை மாட்டிய பிறகுதான் சோலாரை ஓடவிட வேண்டும். எங்களுக்குப் போட்டவர்கள், மீட்டர் வரும்வரை சும்மா ஓடிப் பார்க்கட்டும் என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கிட்டத்தட்ட நாலு வாரம். நூறு யூனிட்டுக்கு மேல் நாம் கொடுத்ததற்கு நாமே காசு கட்டினோம். நம் மாநிலத்தில் அப்போது இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசமாகத்தான் இருந்தது. ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும் அல்லவா? அந்தத் தடவை தாண்டிவிட்டது. சோலார் போடுவதற்கு முன்பு வந்ததைவிடப் பெரிய பில்!

அந்தத் தம்பியையே மறுபடி கூப்பிட்டு, மீட்டர் மாறும்வரை மீதிக் கரண்டை வெளியே தள்ளாதபடி இன்வெர்ட்டரில் மாற்ற வைத்தோம். மூன்று வாரத்தில் புது மீட்டர் வந்தது. கட்டிய பணம் திரும்பவில்லை. அதற்கு ஈடாக இரண்டு வருஷம் சர்வீஸ் இலவசம் என்று சோலார் போட்டவர்களிடம் எழுத்தில் வாங்கினார் எங்க வீட்டுக்காரர். வாய்ப் பேச்சாகச் சொன்னதை ஏற்றுக்கொள்ளவில்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவர், ஒரு பீஸ் குறைந்தாலும் கையெழுத்துக் கேட்கிற பழக்கம் இங்கே உதவியது.

மூன்று மணிக் கட்டத்தில் இன்னொன்று தெரிந்தது. இரண்டரைக்கு 1,700, 1,800 வாட் வருவது, மூன்று மணிக்குத் திடீரென்று பாதியாக விழுந்தது. மேகமும் இல்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே ஒரு பேனலின் மூலையில் விழுந்திருக்கிறது. ஒரு பேனல்தானே என்று விட முடியாது. கோயில் திருவிழாவில் சீரியல் விளக்குத் தொங்கவிடுவார்களே, அதுபோல ஆறு பேனலையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். ஒன்று தளர்ந்தால் மற்றவையும் தளரும். தொட்டியை நாலடி வடக்கே தள்ளி வைத்ததும் சரியாயிற்று. இதை எழுதும்போது நினைவு வருகிறது, பக்கத்து வீட்டு மருமகள் குழந்தைத் துணி காயப்போட அந்த இரும்புச் சட்டம் தோதாக இருக்கும் என்று கேட்டாள். அவளுடைய மாமியாருக்கு அந்தக் கண்ணாடி மேல் வத்தல் போட ஆசை. சூடு நன்றாகத்தான் இருக்கும், வத்தலும் ஒரே நாளில் காய்ந்துவிடும். வேண்டாம் என்று சொல்லி, எங்கள் பழைய கட்டிலைக் கொடுத்தேன்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குத் தெற்கே கழிவுப் பஞ்சில் நூல் ஓட்டுகிற மில் இருக்கிறது. ஆடிக் காற்று அடிக்கிற நாளில் மெல்லிய பஞ்சும் மண்ணும் சேர்ந்து பேனல் மேல் சாம்பல் போர்வை மாதிரி படிந்துவிடும். கையால் தடவிப் பார்த்தபோது எனக்கு அத்தையின் நெஞ்சு எக்ஸ்ரேதான் ஞாபகம் வந்தது. இதே பஞ்சுதானே. அந்த மாதம் வாரம் ஒரு முறையும், மற்ற நாளில் பதினைந்து நாளைக்கு ஒரு முறையும் துடைக்கிறோம். வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையில்தான் துடைக்க வேண்டும். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு வெள்ளையாகப் படிந்து, தேய்த்தாலும் போகாது. ஆற்றுக் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஒரு வாளி போதும். நீளக் குச்சியில் பழைய பனியன் துணியைச் சுற்றித் துடைக்கலாம். அதற்கு நம் ஊரில் பஞ்சமா என்ன? சோப்புத் தூளும் நாரும் கூடாது.

துடைப்பதோடு நம் கை நிற்க வேண்டும். வெளிச்சம் இருக்கிறவரை, வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்தாலும் பேனலிலிருந்து கீழே வருகிற வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். எலி கடித்த வயர், கழன்ற மூடி என்று எதைப் பார்த்தாலும் நாம் டேப் சுற்றப் போகக் கூடாது. பேனலின் சட்டத்தைத் தொடும்போது விரலில் சுருக்கென்றால் எர்த் சரியில்லை என்று அர்த்தம், அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். தவழ்கிற, ஓடுகிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மாடிக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போடுங்கள். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி வைப்பது நல்லது. எங்களுக்கு முதலில் மாடிப்படிக்கு அடியில் மூடிய இடத்தில்தான் வைத்தார்கள், பக்கத்திலேயே காஸ் சிலிண்டர்! நான் ஒத்துக்கொள்ளவில்லை, அன்றே முன் வராந்தாவுக்கு மாற்ற வைத்தேன்.

மே மாதத்தில் மறுபடி ஒரு ராத்திரி, பதினொன்றரைக்குப் போன கரண்ட் நாலு மணிக்குத்தான் வந்தது. காலையில் பார்த்தபோது பேட்டரியில் 41 மிச்சம் இருந்தது. அத்தை தூங்கி எழுந்து, "ராத்திரி மழை பேஞ்சுதா கண்ணு?" என்று கேட்டார். சிலிண்டர் மட்டும் இன்னமும் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது, மாதம் ஒரு தரம் முள்ளைப் பார்க்கிறோம். பேட்டரி இருக்கிறதே என்று அதை எடுத்துவிட டாக்டர் சம்மதிக்கவில்லை.

இப்போது தினம் ஏழு தடவை எழுதுவதில்லை, ராத்திரி ஒரு தடவைதான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, வெயில் இறங்கிய பிறகு, ஏழு மணிக்கு மெயின் ஸ்விட்சை நாங்களே அணைத்துவிட்டு எட்டு மணிக்குப் போடுகிறோம். அந்த நேரத்தில் அத்தையை உட்கார வைத்து மெஷினையும் ஓட விடுவோம். ஒரு மணி நேரத்தில் 9 சதவீதம் குறைந்தால் சரி. 12-க்கு மேல் போனால் தம்பிக்குப் போன். இந்த மாதம் 9. நோட்டில் எங்க வீட்டுக்காரர் கையெழுத்தில் இருக்கிறது, அன்றைக்கு எனக்கு அடுப்படியில் சந்தகை பிழிகிற வேலை.